சரிந்த கோட்டைகள் – 11: அடித்தல் திருத்தல்

போன வாரம், வார்சா அரண்மனையில் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்களையும் சாலிடாரிட்டித் தலைவர்களையும், உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்த கணத்தில் விட்டுவிட்டு வந்தோம். அன்று தேதி 1989 ஏப்ரல் 5. தேர்தல் ஜூன் 4 என்று முடிவாகியிருந்தது. நடுவில் அறுபதே நாள். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கே அது போதாது, மண்டபம் கிடைக்காது. போலந்துக்காரர்கள் அந்த அறுபது நாளுக்குள் வேட்பாளர்களைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, சுவரொட்டி அடித்து, வாக்குக் கேட்டாக வேண்டும்.

தேதியை அவ்வளவு கிட்டத்தில் வைத்தது ஆளும் கட்சியின் சாமர்த்தியம். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்ததிலிருந்து ஏழு வருடத்துக்கு மேல் தலைமறைவாக இருந்த இயக்கம் சாலிடாரிட்டி. ஏப்ரல் 17 அன்றுதான் அது மறுபடி சட்டபூர்வமான தொழிற்சங்கம் ஆனது. அதனிடம் இருந்த அச்சகங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்த உருட்டு இயந்திரங்கள். கட்சியிடமோ வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை, ஊர் ஊருக்குக் கிளை எல்லாம் இருந்தன. எதிராளிக்கு நேரம் கொடுக்காதே என்ற கணக்கில் பிழையே இல்லை. பிழை வேறோர் இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இடங்களின் கணக்கு. செய்ம் எனப்படும் கீழவையில் 460 இடம். அதில் 299, அதாவது 65 சதவீதம், கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதன் துணைக் கட்சிகளுக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. மிச்சம் 161 இடத்தில் கட்சி சாராதவர்கள் போட்டியிடலாம். மேலவையான செனட்டில் 100 இடம். அங்கே ஒதுக்கீடு கிடையாது, எல்லாமே போட்டிதான். இந்த செனட்டை 1946இல் ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தி, முடிவைத் திருத்தி, ஒழித்துக் கட்டியிருந்தார்கள். 43 வருடம் கழித்து அதே கட்சி அதற்கு உயிர் கொடுத்தது. ஆக, மொத்தம் 261 இடம். சாலிடாரிட்டிக்கு 261 ஆள் வேண்டும்.

எங்கே போய்த் தேடுவது? 1980இல் ஒரு கோடி உறுப்பினரைத் தொட்ட சங்கம்தான். ஆனால் அவர்களில் யாரும் தேர்தலில் நின்று பழகியவர்கள் இல்லை. சிறையில் இருந்து பழகியவர்கள் நிறைய இருந்தார்கள். சங்கத்தின் தலைவர் வலேசாவைச் சுற்றி 1988 டிசம்பரில் அமைந்த குடிமக்கள் குழுவும், அதைப் பார்த்து மாவட்டங்களில் முளைத்த கிளைக் குழுக்களும் உட்கார்ந்து பேர் எழுதத் தொடங்கின. பேராசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், விவசாயி, பொறியாளர், கப்பல் பட்டறை ஊழியர். ப்ரோனிஸ்வாவ் கெரெமெக் இடைக்காலப் பாரிஸின் ஏழைகளையும் பிச்சைக்காரர்களையும் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர். அவரை வடகிழக்கு மூலையில் உள்ள சுவாவ்கிக்கு அனுப்பினார்கள். யானுஷ் ஓனிஷ்கியெவிச் கணிதக்காரர், மலையேறுபவர். சோஃபியா குரதோவ்ஸ்கா ரத்த நோய் மருத்துவர். ஆடம் மிக்னிக் எழுத்தாளர், அடிக்கடி உள்ளே போய் வந்தவர். சிலேசியச் சுரங்கப் பகுதியில் அவரை நிறுத்தினார்கள்.

பட்டியலில் நடிகர்களும் இருந்தார்கள். தமிழ் வாசகர் இங்கே ஒரு புன்னகை புரியலாம். கொஞ்சம் பொறுங்கள், கதை நேர் எதிர். ராணுவச் சட்டம் வந்தபோது போலந்தின் நடிகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றமாட்டோம் என்று கூட்டாக மறுத்தார்கள். சம்பளமும் முகமும் போனால் போகட்டும் என்று தேவாலயங்களில் நாடகம் போட்டார்கள், கவிதை வாசித்தார்கள். குஸ்தாவ் ஹொலோபெக், தான் நடத்திய நாடக அரங்கின் இயக்குநர் பதவியை இழந்தார். ஆந்த்ஷெய் ஷ்செப்கோவ்ஸ்கி தலைவராக இருந்த நடிகர் சங்கத்தையே அரசு கலைத்தது. இருவரும் 1989இல் செனட்டுக்கு நின்றார்கள். திரையில் தெரிந்ததற்காக வாக்கு வாங்கிய நடிகர்களை நமக்குத் தெரியும். திரையில் தெரிய மறுத்ததற்காக வாக்கு வாங்கியவர்கள் இவர்கள்.

திரைப்பட இயக்குநர் ஆந்த்ஷெய் வாய்டாவும் நின்றார். கப்பல் பட்டறை வேலைநிறுத்தத்தை வைத்து அவர் எடுத்த 'இரும்பு மனிதன்' 1981இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. அதில் வலேசா வலேசாவாகவே வந்து போவார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியலைப் போடுவது யார் என்பதில் பெரிய மனஸ்தாபம். ஓர் இடத்துக்கு ஒரே வேட்பாளர், அவர் வலேசாவின் அணி என்று அறியப்படுவார், வேறு எதிர்க்கட்சிக் குழுக்களுக்குப் பங்கு இல்லை என்று கெரெமெக் தரப்பு பிடிவாதமாக நின்றது. தாதேயுஷ் மசோவியெட்ஸ்கி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளர், இது சரியில்லை, கட்சி செய்ததையே நாமும் செய்கிறோம் என்ற வருத்தத்தில் போட்டியிட மறுத்துவிட்டார். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வார்சாவின் ஷொலிபோஷ் தொகுதியில் இந்தச் சண்டை தெருவுக்கே வந்தது. சாலிடாரிட்டி நிறுத்தியது யாட்செக் கூரோனை. எதிரே தனியாக நின்றவர் வ்வாதிஸ்வாவ் ஷிவா-நோவிட்ஸ்கி என்ற முதிய வழக்கறிஞர். போர்க்கால எதிர்ப்புப் படை வீரர், ஸ்டாலின் காலத்தில் மரண தண்டனை பெற்றுத் தப்பியவர், அரசியல் கைதிகளுக்காக நீதிமன்றங்களில் வாதாடியவர். அவர் தோற்றார். நியாயமான தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு நியாயம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

வலேசாவும் நிற்கவில்லை. ஆனால் அவர் இல்லாத தொகுதியும் இல்லை.

வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் 3,000 கையெழுத்து வேண்டும். கடைசி நாள் மே 10. பெஞ்சு, மேசை, ஒரு கட்டுத் தாள், பேனா. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தை மறித்தார்கள், கடை வரிசைகளில் நின்றவர்களிடம் தாளை நீட்டினார்கள். இறைச்சிக்கு ரேஷன் சீட்டு இருந்த நாடு அது, வரிசைக்குப் பஞ்சமே இல்லை. பேரும் முகவரியும் அடையாள எண்ணும் எழுதி, அரசாங்கத்துக்குப் போகப்போகிற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போட்டிருந்தால் வேலை போயிருக்கும். ஜனங்கள் போட்டார்கள்.

அடுத்தது முகம். சுவாவ்கி விவசாயிக்கு இடைக்காலப் பாரிஸ் நிபுணரை எப்படித் தெரியும்? ஏப்ரல் கடைசியில் வேட்பாளர்களை க்தான்ஸ்க் கப்பல் பட்டறைக்கு வரவழைத்து, ஒவ்வொருவரையும் வலேசாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மீசைக்காரர் கை குலுக்குகிறார், அடுத்தவர் வருகிறார், மறுபடி கை குலுக்குகிறார். இப்படியே வரிசை நகர்ந்தது. அந்தப் படங்கள் நாடு முழுக்கச் சுவரில் ஏறின. ஒரே சுவரொட்டி, பாதி முகம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். தலைவர் படத்தோடு வாக்குக் கேட்கிற கலையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம், நம் சுவரொட்டிகளில் வேட்பாளர் கும்பிடுவார். இவர்களில் பலர் காமிராவைப் பார்த்தே சங்கடப்படுகிறார்கள்.

மே 8 அன்று 'கஸெட்டா விபோர்ச்சா' வெளிவந்தது. பெயருக்கு அர்த்தமே 'தேர்தல் நாளிதழ்'தான். எட்டுப் பக்கம், 1,50,000 பிரதி, ஆசிரியர் மிக்னிக். ஒரு பழைய குழந்தைகள் காப்பகக் கட்டடத்தில் உட்கார்ந்து நடத்தினார்கள். வார்சாவின் அரசியல் சாசனச் சதுக்கத்தில் ஒரு காப்பிக் கடை சாலிடாரிட்டியின் தேர்தல் தலைமையகம் ஆனது. கடையின் பெயர் 'நியெஸ்போஜியாங்கா'. தமிழில் சொன்னால் 'எதிர்பாராதது'. எழுதுகிறவன் இட்டுக்கட்டியது இல்லை, கடைப் பலகையில் இருந்த பெயர்.

இனி அந்தப் பிழைக்கு வருவோம்.

நாம் வாக்குச் சீட்டு என்றால் முத்திரை குத்துவதை நினைப்போம், இப்போது பொத்தான். போலந்தில் முறை வேறு. வேண்டியவரைக் குறிப்பதில்லை, வேண்டாதவரை அடிப்பது. சீட்டில் பல பெயர் இருக்கும். உனக்கு வேண்டியவரை விட்டுவிட்டு மற்ற பெயர்களின் மேல் கோடு இழுக்க வேண்டும். இது கம்யூனிஸ்ட் ஆட்சி பல வருடமாகப் பழக்கிய முறை. அந்தக் காலத்தில் நல்ல குடிமகன் என்ன செய்வான்? சீட்டை வாங்குவான், படிக்கக்கூட மாட்டான், மடித்து நேராகப் பெட்டியில் போடுவான். பட்டியலில் முன்னால் இருக்கும் பெயர்களுக்கே வாக்கு போய்ச் சேரும். திரை மறைவுக்குள் யாராவது போனால், அவன் எதையோ அடிக்கப் போகிறான் என்று அர்த்தம். அதை மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் அரசு அலுவலகப் படிவங்களில் 'அடித்தல் திருத்தல் இன்றி' என்று ஒரு வாசகம் இருக்குமே, போலந்துக்காரர்கள் தேர்தலையே அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1980இல் 98 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவு என்று அரசு சொன்னது. 1985இல் சாலிடாரிட்டி புறக்கணிக்கச் சொன்னபோதும் கணக்கு 79 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது.

1989இல் எல்லாவற்றையும் மாற்றிய கட்சி, கோடு போடும் இந்த முறையை மட்டும் மாற்ற மறந்தது. அல்லது மாற்றத் தோன்றவில்லை. கூடவே தன் கழுத்துக்குத் தானே இன்னொரு கயிற்றையும் திரித்தது. ஒதுக்கிய 299 இடங்களில் 35ஐ எடுத்து 'தேசியப் பட்டியல்' என்று தனியாக வைத்தது. பிரதமர் மியெச்சிஸ்வாவ் ரகோவ்ஸ்கி, உள்துறை அமைச்சர் செஸ்வாவ் கிஷ்சாக் போன்ற பெரிய தலைகள் அதில். எதிர்த்து யாரும் கிடையாது. செல்லத்தக்க வாக்கில் பாதிக்கு மேல் வாங்கினால் போதும். தோற்கவே முடியாத ஏற்பாடு என்பதால், தோற்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

வாக்காளர் கைக்கு ஒரு சீட்டு இல்லை, ஒரு கட்டு வரும். தேசியப் பட்டியலுக்கு ஒன்று, செனட்டுக்கு ஒன்று, தொகுதியில் உள்ள செய்ம் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. தொகுதிக்கு இரண்டிலிருந்து ஐந்து இடம் வரை உண்டு, ஆக ஏழு சீட்டு வரை போகும். சீட்டில் எந்தக் கட்சி என்ற அடையாளமும் இல்லை, சின்னமும் இல்லை. வெறும் பெயர்கள். ஆளும் தரப்பு ஜனநாயகமாகத் தெரிய வேண்டுமென்று ஓர் இடத்துக்கே பலரை நிறுத்தியிருந்தது. அதனால் பெயர்கள் நீண்டன.

சாலிடாரிட்டி இதற்குக் கண்ட வழி 'ஷ்ச்யோங்கா'. பள்ளி மாணவர்கள் பரீட்சைக்கு உள்ளங்கையில் மறைத்து எடுத்துப்போகும் பிட்டுக்குப் போலிஷ் மொழியில் அதுதான் பெயர். ஒவ்வொரு தொகுதிக்கும் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டு அச்சடித்தார்கள். முதல் சீட்டில் இன்னாரை விடு, மற்றவரை அடி. இரண்டாவதில் இன்னாரை விடு, மற்றவரை அடி. தன்னார்வலர்கள் அதை வீடு வீடாகக் கொடுத்தார்கள், சாவடிக்குப் போகும் வழியில் நின்று கொடுத்தார்கள். பேச்சாளர்களும் பாடகர்களும் செய்ததைவிட இந்தத் துண்டுச் சீட்டு செய்த வேலை பெரிது என்பது என் எண்ணம். நாற்பது வருடம் படிக்காமல் மடித்துப் போடப் பழகிய ஜனத்துக்கு, சீட்டை விரித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஜூன் 4, ஞாயிறு. விடிந்தபோது வார்சாச் சுவர்களில் ஒரு புதுச் சுவரொட்டி. 'ஹை நூன்' படத்தில் வரும் கேரி கூப்பர் நேராக நடந்து வருகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச் சீட்டு. மார்பில் ஷெரீஃப் நட்சத்திரத்துக்கு மேலே சாலிடாரிட்டி வில்லை. வரைந்தவர் தோமாஷ் சர்னெட்ஸ்கி, கலைக் கல்லூரி மாணவர். அன்றைய வானொலியில் வேறொரு செய்தியும் வந்துகொண்டிருந்தது. பெய்ஜிங்கில் டாங்கிகள் இறங்கிவிட்டன. ஒரு கம்யூனிஸ்ட் அரசு கோபப்பட்டால் என்ன ஆகும் என்ற செய்தி காதில் விழ விழ, போலந்துக்காரர்கள் திரை மறைவுக்குள் போய் வந்தார்கள். இந்த முறை எல்லோரும் போனார்கள். உள்ளே நேரம் பிடித்தது, ஏழு சீட்டில் கோடு போட வேண்டுமே. தேசியப் பட்டியலில் 35 பெயரையும் ஒவ்வொன்றாக அடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்கள். அதுவும் செல்லும்.

சுமார் 2 கோடியே 70 லட்சம் வாக்காளரில் வந்தவர்கள் 62.7 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதையும் எழுதி வைப்போம். நாற்பது வருட ஏமாற்றம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துவிடாது.

முடிவு வந்தது. செய்மில் போட்டிக்கு விட்ட 161இல் சாலிடாரிட்டிக்கு முதல் சுற்றிலேயே 160. செனட்டில் 100க்கு 92. ஆளும் தரப்பு தனக்கென்று எழுதிவைத்த 299இல் முதல் சுற்றில் நிரம்பியது ஐந்தே ஐந்து. தேசியப் பட்டியலில் 35 பேரில் 33 பேர் பாதி வாக்கை எட்டவில்லை. பிரதமர் அவுட், உள்துறை அமைச்சர் அவுட். பிழைத்த இருவரில் ஒருவர் மிகொவாய் கொசகியெவிச், விவசாயக் கட்சிக்காரர், குடும்பக் கட்டுப்பாடு பற்றியெல்லாம் வெளிப்படையாகப் பேசிய சமூகவியலாளர். இன்னொருவர் ஆடம் ஜியெலின்ஸ்கி. இவர் பிழைத்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அகர வரிசை. பெயர் பட்டியலின் கடைசி மூலையில் இருந்தது, பெருக்கல் குறியின் கால் அவ்வளவு தூரம் எட்டவில்லை. இருவருமே ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது மயிரிழையில்.

'எதிர்பாராதது' காப்பிக் கடையின் முன் கூட்டம் குவிந்து முடிவுகளைப் படித்தது. உள்ளே தலைவர்களுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம் அதிகம். வென்றது போதாதென்று அளவுக்கு மீறி வென்றுவிட்டார்கள். பெய்ஜிங் அன்றைய செய்தி, எல்லைக்குள்ளேயே சோவியத் படை இருக்கிறது. அதனால் 33 காலி இடங்களையும் புது வேட்பாளர்களைக் கொண்டு ஆளும் தரப்பே நிரப்பிக்கொள்ள, இரண்டு சுற்றுக்கு நடுவில் சட்டத்தைத் திருத்தச் சம்மதித்தார்கள். மக்கள் அடித்ததைத் தலைவர்கள் திருத்தினார்கள். ஒப்பந்தத்தைக் காப்பாற்றியதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை நான் ஏற்கிறேன். ஆனால் வாக்காளருக்கு அது பிடிக்கவில்லை. ஜூன் 18 இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள் 25 சதவீதம்தான். அதில் சாலிடாரிட்டி செய்மின் மிச்ச ஓர் இடத்தையும் பிடித்து 161ஐ நிறைத்தது, செனட்டில் 99 ஆனது. கைவிட்டுப் போன அந்த ஒன்று பீவா மாவட்டத்தில். அங்கே வென்ற ஹென்ரிக் ஸ்தொக்வோசா கட்சிக்காரரும் இல்லை, சாலிடாரிட்டியும் இல்லை. கையில் பணம் இருந்த ஒரு தனி வியாபாரி. வரப்போகும் காலம் ஒற்றை ஆளாக முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஜூலை 4 அன்று அவை கூடியது. இதுவரை மனு எழுதியவர்கள் இனி சட்டம் எழுத வேண்டும். முதல் பரீட்சையே கசப்பு. ஜூலை 19இல், தங்களைச் சிறையில் போட்ட ஜெனரல் யாருசெல்ஸ்கியை ஜனாதிபதி ஆக்கும் வாக்கெடுப்பு. உடன்பாட்டின் உள்ளர்த்தம் அதுதான் என்று இரு தரப்புக்கும் தெரியும். ஆதரவு 270, எதிர்ப்பு 233, நடுநிலை 34. தேவைப்பட்டதைவிட ஒன்றே ஒன்று கூடுதல். ஆளும் அணியிலேயே சிலர் கைவிட்டிருந்தார்கள். சாலிடாரிட்டியில் ஏழு பேர் வேண்டுமென்றே செல்லாத வாக்குப் போட்டு, பாதிக் கணக்கைக் கீழே இறக்கி, ஜெனரலை ஜெயிக்க வைத்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் பெயர்களை அடித்து வென்ற இயக்கம், இப்போது தன் சீட்டைத் தானே பாழாக்கி எதிராளியைக் கரையேற்றியது.

ஆகஸ்டில் கிஷ்சாக் அரசு அமைக்கப் பார்த்தார், முடியவில்லை. விவசாயக் கட்சியும் இன்னொரு துணைக் கட்சியும் நாற்பது வருடப் பந்தியிலிருந்து எழுந்து சாலிடாரிட்டி பக்கம் வந்து உட்கார்ந்தன. ஆகஸ்ட் 24 அன்று செய்ம் தேர்ந்தெடுத்த பிரதமர், பட்டியல் பிடிக்காமல் நிற்க மறுத்த அதே மசோவியெட்ஸ்கி. சோவியத் அணியில் நாற்பது வருடத்துக்குப் பின் வந்த முதல் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமர், மக்கள் அடிக்கவோ விடவோ எந்தச் சீட்டிலும் பெயர் இல்லாதவர்.

கூரோன் தொழிலாளர் நல அமைச்சரானார், ஜீன்ஸ் சட்டையோடே வந்தார். அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சராகி ரகசியப் போலீஸைக் கைக்குள் எடுத்தவர், கிராக்கோவின் கத்தோலிக்க வார இதழில் வேலை பார்த்த செனட்டர் கிஷிஷ்தோஃப் கொஸ்வோவ்ஸ்கி. 1989 அக்டோபர் 28 அன்று நடிகை யோவன்னா ஷ்செப்கோவ்ஸ்கா தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றி, போலந்தில் ஜூன் 4 அன்று கம்யூனிசம் முடிந்துவிட்டது என்று நாட்டுக்கு அறிவித்தார். செனட்டராகியிருந்த நடிகர் ஷ்செப்கோவ்ஸ்கியின் மகள் அவர்.

ஆனால் நாம் இந்த வாரம் செப்டம்பர் 12இல் நிறுத்திக்கொள்வோம். மசோவியெட்ஸ்கி தன் அமைச்சரவையை முன்வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றி, பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. பல நாள் சரியான தூக்கம் இல்லை. வெளியே அழைத்துப் போனார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், நம் பொருளாதாரத்தின் நிலைக்கே நானும் வந்துவிட்டேன், ஆனால் தேறிவிட்டேன் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு 402, நடுநிலை 13. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

(அடுத்த வாரம்: 1991 தேர்தலில் 16 இடம் பிடித்த பீர் பிரியர்கள் கட்சி)